லிவர்பூலை அனுப்பியாச்சு! 4-3

மக்களே, இன்னும் கை நடுங்குது. நம்ம மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் 2024 எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துக் காலிறுதி, கூடுதல் நேரமும் முடியப் போகுது. அவங்களுக்குக் கார்னர். பந்து நம்மகிட்ட சிக்குது, கர்னாச்சோ பறந்து போய் அமாத்கிட்ட தள்ள, இடது காலால் தாழ்வா ஒரு அடி, தூர மூலையில் கோல்! சட்டையைக் கழற்றினதுக்கு ரெண்டாவது மஞ்சள் அட்டை, பையன் சிவப்போட வெளியே. போகட்டும், இதுக்கு வாங்கலாம்.

87-வது நிமிடத்தில் ஆன்டனி சமன் செய்யலைன்னா இதெல்லாம் ஏது? அதுவும் வலது காலால்! அவரைத் திட்டினவங்க வரிசையா வாங்க.

மூணு கோல் விட்ட தற்காப்பைப் பற்றி நாளைக்குப் பேசிக்கலாம். அரையிறுதியில் கவென்ட்ரி அணியோட, வெம்ப்ளி மைதானத்தில்.

ஒரே வீடியோவை ஆளாளுக்குப் போடாதீங்க, போன் திணறுது. குழுவில் இருக்கிற லிவர்பூல் நண்பர்களை ராத்திரி மட்டும் விட்டுடுங்க.