எமது ஆவணச் சேவையகத்தை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

யாழ்ப்பாணத்துப் பழைய சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் ஸ்கான் செய்து, தட்டெழுதி, பிழைதிருத்தும் பணியில் உங்களோடு நிற்கும் தன்னார்வலர்களில் ஒருவராக இதனை எழுதுகிறேன். கடந்த மாதம் கோப்பாயிலிருந்து புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவர், எமது கிற் (Git) களஞ்சியத்தை, அதாவது கோப்புகளையும் அவற்றில் செய்த மாற்றங்களின் வரலாற்றையும் சேர்த்துவைக்கும் தொகுப்பை, தன் மடிக்கணினியில் இறக்குவதற்கு மூன்று இரவுகள் விழித்திருந்தார். மூன்றாம் இரவு, திரையில் 87 வீதம் என்று காட்டியபோது இணைப்பு அறுந்தது. இடையில் நின்ற குளோனை (களஞ்சியத்தை முழுதாகப் பிரதியெடுத்து இறக்குவதை) நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதி கிற்றில் இல்லாததால், அத்தனையும் வீணாயிற்று. அவர் திருத்த வந்த எழுத்துக் கோப்போ சில நூறு கிலோபைற் மட்டுமே; சுமையெல்லாம் அதே களஞ்சியத்தில் கிடக்கும் ஸ்கான் படங்களே.

ஏ4 பக்கமொன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அடர்த்தியில் முழு வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத படம் ஏறத்தாழ 104 மெகாபைற் வருகிறது. அதன் சாய்வை நேராக்கி மீண்டும் சேமிக்கும்போது புள்ளிகள் எல்லாமே மாறிவிடுவதால், முந்தைய பதிப்போடு ஒப்பிட்டுச் சுருக்கும் கிற்றின் திறமை அங்கே பெரிதாகப் பயன்படுவதில்லை. இரண்டாவது படமும் ஏறக்குறைய முழுச் சுமையாகவே சேர்கிறது. பின்னர் அழித்தாலும் வரலாற்றில் அது கிடக்கும்.

ஆகவே, படங்களை எல்.எஃப்.எஸ் (Git LFS, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிற்றின் துணைக்கருவி) முறைக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்போது களஞ்சியத்தில் பதிப்பு, ஷா-256 அடையாளம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் கைரேகை போன்ற குறியீடு), அளவு என்ற மூன்று வரிகள் கொண்ட சுட்டிக்கோப்பு மட்டும் இருக்கும்; படம் தனிக் கிடங்கில் இருக்கும், வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். பழைய வரலாற்றையும் மாற்றி எழுதினால்தான் உண்மையில் சுமை குறையும். அதனால் கொமிற்றுகளின் (பதிவான ஒவ்வொரு மாற்றத்தின்) அடையாளங்கள் மாறி, எல்லோரும் புதிதாக இறக்க வேண்டியிருக்கும் என்பதால், மாற்றும் திகதியை முன்கூட்டியே அறிவித்து, கையிலுள்ள திருத்தங்களை அதற்குள் ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதன்பின் 10 மெகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பு எல்.எஃப்.எஸ் வழியாக அல்லாமல் வந்தால், சேவையகமே வாசலில் மறுக்கட்டும். இதைத் தன்னார்வலரின் நினைவாற்றலுக்கு விடுவது நியாயமன்று.

ஒன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். களஞ்சியத்தை மட்டும் காப்பெடுத்தால் சுட்டிகளே மிஞ்சும், படங்கள் மிஞ்சா. 1981 இல் நூலகம் எரிந்த ஊரில், அந்தக் கிடங்குக்கும் தனிக் காப்புப்பிரதி, அதுவும் வேறோர் இடத்தில், முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

மாற்றும் வேலைக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த தொகுதிப் படங்கள் ஏற்றப்படுவதற்கு முன்னர் அதற்கான திகதியைக் குறித்து அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
தன்னார்வலர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.