கிட் கார்கள் எல்லாம் ஏமாற்று வேலையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோட்ஸ்டர் எனப்படும் பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் சாயலில், பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'ஏமாற்று வேலை' என்று ஒதுக்கிவிட்டது. படித்ததும் வருத்தமாக இருந்தது.

பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டுவது பிற்காலத்து நகல்காரர்களின் வழக்கம் என்கிறார் கட்டுரையாளர். லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை அது தவறு. 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் அதைக் கொண்டுவந்தபோதே கிட்டாக விற்றார். அன்று பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பிரித்த பாகங்களுக்குக் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்று கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டினாராம். லோட்டஸ் பிரியர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை இது. 1973இல் அந்த வரி போய் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களும் கிட்டாக விற்றார்கள். சனி, ஞாயிறுகளில் வீட்டு ஷெட்டில் செவனைப் பூட்டுகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. முதலில் அதை வாங்கியவர்கள் செய்ததைத்தான் செய்கிறார்.

இன்னொரு பிரிட்டிஷ் ரோட்ஸ்டரான எம்ஜி டிடி விஷயம் வேறு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான டிடிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. பிறகு அந்த மோகத்தில் அங்கே ஃபைபர்கிளாஸ் டிடி கிட்கள் வந்தன. பலவற்றுக்கு அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். போல்ட்டுகளைக் கழற்றி பீட்டிலின் பாடியைத் தூக்கிவிட்டால், சக்கரம், சஸ்பென்ஷன், இன்ஜின் எல்லாம் தரைத்தகட்டோடு அப்படியே நிற்கும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே பீட்டிலில் 94.5 அங்குலம், டிடியில் 94. என்ன பொருத்தம் பாருங்கள்! ஆனால் டிடியின் 1250 சிசி இன்ஜின் முன்னால் இருக்கிறது, தண்ணீரால் குளிர்வது. பீட்டிலின் இன்ஜின் பின்னால் இருக்கிறது, காற்றால் குளிர்வது. அதனால் இந்த கிட்களில் முன்னால் நிற்கும் ரேடியேட்டர் வெறும் அலங்காரம். அசல் டிடியில் பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில், டேங்க் போலவே செய்த மூடிக்குள் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். நீங்கள் '1952 எம்ஜி' என்று போட்டிருக்கும் படத்தில், பின் பம்பருக்குக் கீழே பீட்டிலின் இரட்டைப் புகைக்குழாய்கள் தெளிவாகத் தெரிகின்றன. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

இதையும் நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கட்டியவர் இன்னது என்று சொல்லி ஓட்டினால் அது அவருடைய கைவேலை, மரியாதைக்குரியது. எம்ஜி என்று சொல்லி விற்கும்போதுதான் தப்பு. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரை ரோட்டில் இறக்குமுன் பொதுவாக ஐவிஏ என்ற சோதனையில் தேற வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், ஆளைக் கீறும் கூர்முனை எல்லாம் பார்ப்பார்கள். வயதோ பூர்வீகமோ உறுதியாகாத வண்டிக்கு 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண் தருவார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே வாங்க வருகிறவர் கேள்வி கேட்கலாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை, இப்படி ஒரு காரைத் தன் கையால் கட்டியவரிடம் பேசி எழுதச் சொல்லுங்கள்.

வாசகர் ஒருவர்,
கோவை