நம் மினியேச்சர் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இதை வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன்.

பலகை ஆட்டங்களில் வரும் மினியேச்சர்களுக்கு, அதாவது சிறு உருவங்களுக்கு, வண்ணம் அடிக்கும் நம் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிறுகளில் நடந்தன. டிசம்பரில் மட்டும் மழையால் நடக்கவில்லை. கோடை விடுமுறையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். ஆயுத பூஜையன்று பிரஷ்களுக்கும் கம்ப்ரசருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, ஹீரோகுவெஸ்ட் என்ற பலகை ஆட்டப் பெட்டியில் வரும் உருவங்களுக்கு வண்ணம் அடித்தது. 1989-இல் மில்டன் பிராட்லி, கேம்ஸ் வொர்க்‌ஷாப்போடு சேர்ந்து வெளியிட்ட ஆட்டம். 2021-இல் ஹாஸ்ப்ரோ மறுபடி கொண்டுவந்தது. வீரர்கள் 4, எதிரிகள் 31. "அவரவர் வீட்டில் அவரவர் பெட்டிக்கு வண்ணம் அடித்துக்கொள்ளலாமே, பொதுவில் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். முதல் சுற்றில் வந்த ஓர்க்குகளை, அதாவது பச்சைத் தோல் அரக்கர்களை, பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஆளுக்கு ஒரு பச்சை. ஒன்று பாசி நிறம், ஒன்று கிளிப்பச்சை. 8 ஓர்க்கையும் மேசையில் நிறுத்தினால் ஒரே கூட்டத்து ஆட்களாகவே தெரியவில்லை. அதனால்தான் குறிப்பு நோட்டு போட்டேன். எந்தப் பச்சை, எத்தனை சொட்டுத் தண்ணீர், எந்த வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்), ஹைலைட் (மேடுகளில் வெளிர் வண்ணம்) எந்த விளிம்பில் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நோட்டைப் பார்த்து அடித்த கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) 6-ம் ஒரே கையால் அடித்ததுபோல் வந்திருக்கின்றன. அடித்தது நான்கு பேர்.

அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் தோல் நிறத்துக்கானது. வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் வெளிறிய தோலுக்கே முறை சொல்கிறார்கள். வீரர்களில் ஒருவனான பார்பேரியனை நம் நிறத்தில் அடிக்க முடிவு செய்தோம். அடர் பழுப்பில் துளி சிவப்பு கலந்து அடித்தளம் கொடுத்து, மூக்கு, தோள், முழங்கை மேடுகளை மஞ்சள் காவி கலந்து ஏற்ற வேண்டும். வெள்ளை கலக்கக் கூடாது. கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். கண்ணில் கருவிழியைப் புள்ளியாக வைக்காமல் மேலிருந்து கீழாக ஒரு சிறு கோடாக இழுத்தால் முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்காது. அந்த ஒரு உருவத்தைப் பார்க்கவே உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்தார்கள்.

ஸ்ப்ரே டப்பா இருக்க, ஏர்பிரஷ்ஷும் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) கம்ப்ரசரும் எதற்கு வாங்கினோம் என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பிரைமர், அதாவது வண்ணம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு, அடைத்த ஸ்ப்ரே டப்பா அபாயப் பொருள் பட்டியலில் வருவதால் விமானத்தில் அனுப்பக் கெடுபிடி அதிகம். இங்கே கிடைப்பதை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் மாவு தூவியதுபோல் சொரசொரப்பாகப் படிகிறது. பலகை ஆட்டங்களில் வரும் மெத்தென்ற பிவிசி உருவங்கள் சிலவற்றில் அது காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். தண்ணீரில் கரையும் பிரைமரை ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. முகத்தின் நுணுக்கமும் அடைபடாது. முன்கூட்டியே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று மேசையில் இருப்பவை எல்லாம் அப்படி அடித்தவையே.

இனி வருத்தமான விஷயம். பொங்கலுக்குள் முடித்துத் தருவதாக வீட்டுக்கு எடுத்துப்போன உருவங்களில் சில இன்னும் திரும்பவில்லை. 2 ஓர்க், 1 மம்மி, சிறகுள்ள பெரிய அரக்கனான கார்காயில். ஓர்க் குறைந்தால் சமாளிக்கலாம். கார்காயில் பெட்டிக்கு ஒன்றுதான். ஆட்டத்தின் முதல் குவெஸ்டில் (சாகசப் பணியில்) தேடிக் கொல்ல வேண்டிய வெராக் என்ற அரக்கன் அதுதான். அது இல்லாமல் 34 உருவங்களை அடித்துவைத்து என்ன பயன்? யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் இருக்கிறது; பெயர் சொல்ல விரும்பவில்லை.

பொதுப் பிரஷ்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுண்வேலைக்கான கோலின்ஸ்கி முடி பிரஷ்ஷை, காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் தேய்க்கும் டிரை பிரஷ்ஷுக்கு எடுத்து, உலோகப் பூண் வரை வண்ணம் காயவிட்டு அப்படியே டப்பாவில் போட்டிருக்கிறார்கள். நுனி இரண்டாகப் பிளந்துவிட்டது. இனி அது கல் சுவருக்குத்தான் உதவும். டிரை பிரஷ்ஷுக்கு மேக்கப் பிரஷ்ஷே போதும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவாகச் சொன்னால், கையிருப்பு இருக்கிறது, ஆனால் சென்ற ஆண்டைவிடக் குறைவு. செலவில் பெரும்பகுதி வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் போனது. சந்தா கட்டியவர்கள் பாதிக்குச் சற்று மேல். கட்டாதவர்களில் சிலர் கூட்டத்துக்கும் வருவதில்லை. வேறு சிலர் தவறாமல் வந்து வண்ணம் எடுக்கிறார்கள்.

இடம் கொடுத்துவரும் உறுப்பினர் குடும்பத்துக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெட்டியில் உள்ள மேசை, கல்லறை, புத்தக அலமாரிகளுக்கு வண்ணம் அடிக்கலாம் என்பது என் எண்ணம். நோட்டைத் தொடர்ந்து எழுத நான் தயார். பிரைமர் அடிப்பது, பிரஷ் கழுவுவது, பெட்டியைப் பூட்டி வைப்பது எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால் நீடிக்காது. இரண்டு பேர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தடையில்லை. கார்காயிலை வைத்திருப்பவர் அரைகுறையாக இருந்தாலும் அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள். மீதியை உட்கார்ந்து சேர்ந்தே முடித்துவிடலாம். நிலுவைச் சந்தாவைப் பொருளாளர் அன்றே வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
செயலாளர்