நேர்காணல் கோப்புகள்: கொஞ்சம் கவனம்

வணக்கம். சிங்கப்பூர் தேக்கா வட்டாரக் கடைக்காரர்களிடம் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகளை இனி இந்த வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வருவது பலரின் கைப்பேசியில் தானாகவே இறங்கிவிடும்; அந்தக் கைப்பேசி வீட்டில் யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தம்டிரைவில் எடுத்துப் போவதென்றால், கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வெராகிரிப்ட் (VeraCrypt) மென்பொருளில் பூட்டுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும். ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் கோப்பு போனதுதான். அதனால் வேறோர் இடத்திலும் பூட்டிய பிரதி ஒன்று இருக்கட்டும், கடவுச்சொல் அதன்கூடவே வேண்டாம்.

கோப்புக்குப் பேசியவர் பெயரை வைக்காதீர்கள், 'தேக்கா_07' போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டியிருக்க வேண்டும். அப்புறம், ஒப்புதல் படிவத்தில் அடையாள அட்டை எண்ணுக்கான கட்டத்தை எடுத்தாச்சு. சட்டப்படியோ ஆளை உறுதியாக அறியவோ தேவைப்பட்டாலொழிய அதை வாங்கக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பரிலிருந்தே நடப்பில் இருக்கிறது. நமக்கு அது எதற்கு?

பழைய படிவம் வைத்திருப்பவர்கள் தனிச் செய்தியில் சொல்லுங்கள், படம் எடுத்து இங்கே அனுப்பாமல்!