எடைக்குப் போடாதீர்கள்: தர்மாஸ்பத்திரிப் பதிவேடுகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரச் சந்தையில் விற்ற ஒரு கடலைப் பொட்டலம், எங்கள் ஊர்த் தர்மாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பதிவேட்டில் கிழித்த தாள். 1930-களைச் சேர்ந்தது. வரிசை எண், பெயர், வயது, சாதி, ஊர், நோய், மருந்து எனக் கட்டம் போட்ட தாள். நான்காவது வரியில் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும். நோய்க் கட்டத்தில் தொழுநோய். அந்த அம்மாவின் பேரன் பேத்திகள் இன்றும் அதே ஊரில் தோட்டம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அன்றைய டாக்டர் வெளியே சொல்லாமல் பீரோவில் பூட்டி வைத்த சங்கதி, இன்று கடலையோடு சேர்ந்து கை மாறுகிறது.

பழைய கட்டடத்தை இடிக்க முடிவானதும், சாமான்களை ஏலம் விட அறிவிப்பு ஒட்டியிருப்பதும் தாங்கள் அறிந்தவையே. இரும்புக் கட்டில், துருப்பிடித்த பீரோ, மர பெஞ்சு என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி வரி: ‘பழைய தாள்கள், எடை அடிப்படையில்’. ஏலத்துக்கு முன்பே கொஞ்சம் வெளியே போய்விட்டது என்பதற்கு அந்தப் பொட்டலமே சாட்சி. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தக் கடைசி வரியை நீக்குங்கள். பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்.

அவற்றை எழுதியவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள், அதாவது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லாமல் உரிமம் பெற்று வைத்தியம் பார்த்தவர்கள். பள்ளி இறுதி முடித்து, பின்னாளில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியான ராயபுரம் மருத்துவப் பள்ளி போன்ற இடங்களில் நான்கு ஆண்டு படித்து, கொங்குச் சீமையின் ஊர்களுக்கு வந்தவர்கள். அரசு வேலையில் அவர்களுக்கு முதலில் ‘ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்’ என்று பெயர், பிறகு ‘சப் அசிஸ்டன்ட் சர்ஜன்’. 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு, இனி ஒரே தரத்தில் எம்.பி.பி.எஸ். டாக்டர்கள் போதும் என்று பரிந்துரைத்த பிறகு அந்தப் படிப்பே படிப்படியாக நின்றுபோனது. பெரும்பாலோருக்குப் படம் இல்லை, வாழ்க்கை வரலாறு இல்லை. ஒரு மனிதர் ஒரு சிற்றூரில் எத்தனை வருடம் இருந்தார், என்ன நோய் பார்த்தார், எந்த மருந்து தீர்ந்து போய்த் தவித்தார் என்பதற்கு அவர் கையெழுத்துதான் மிச்சம்.

அந்தக் கையெழுத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம், குளிர்காய்ச்சலுக்கான (மலேரியா) குவினைன் மிக்சர். ஒரு வேளைக்குக் குவினைன் சல்பேட் 10 கிரெயின். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 650 மில்லிகிராம். 6 அவுன்ஸ் பாட்டிலில் 6 வேளை. குவினைன் சல்பேட் வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. நீர்த்த கந்தக அமிலம் சில துளி விட்டால்தான் தெளிவாகக் கரையும். கம்பவுண்டர் அதை மறந்தால் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் ஐந்து வேளையும் கசந்த தண்ணீர், ஆறாவது வேளையில் மொத்த மருந்தும் ஒரே மடக்கில் உள்ளே போய்க் காது இரையும், தலை சுற்றும். பாட்டிலின் பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய அளவுச்சீட்டு ஒட்டியிருக்கும். எழுத்துத் தெரியாதவரும் பல்லை எண்ணிக் குடிக்கலாம். அந்தக் குவினைனுக்குப் பட்டை வந்த சின்கோனாத் தோட்டமும் அதைக் காய்ச்சிய ஆலையும் மேலே நீலகிரியில், நடுவட்டத்தில்தான் இருந்தன.

பிளேக்கையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது முப்பது ஆண்டுகளில் கோயம்புத்தூர்ப் பக்கம் அது திரும்பத் திரும்ப வந்தது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்து காட்டுச் சாளைக்கு (குடிசைக்கு) போக வேண்டும், ஓட்டைப் பிரித்து வெயில் விட வேண்டும். ஹாஃப்கின் தடுப்பூசி போட்டால் கை வீங்கி, ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கும். அறுப்புக் காலத்தில் கூலியை விட்டு யார் ஊசிக்குக் கை நீட்டுவார்கள்? காலரா வந்தால் குடிநீர்க் கிணறுகளுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். தண்ணீர் இளஞ்சிவப்பாகும் வரை கரைத்து, பொழுது சாயப் போட்டு, விடியும் வரை யாரும் இறைக்காமல் பார்க்க வேண்டும். ஒரு கிணற்றை விட்டுவிட்டால் மற்ற கிணறுகளுக்குப் போட்டதும் வீண். பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் சென்னை கிண்டி கிங் நிலையத்திலிருந்து ரயிலில் வரும்; சூடு பட்டால் வீரியம் போய்விடும். அதனால்தான் அம்மை குத்திய கையை ஒரு வாரம் கழித்துப் பார்த்து, கொப்புளம் எழும்பியதா இல்லையா என்று தனிக் கட்டத்தில் குறித்தார்கள். சித்திரை வெயிலில் வந்த அம்மைப்பால் எத்தனை கையில் பலிக்காமல் போனது என்பதை அந்தக் கட்டத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கினால் நட்டம் சுகாதாரத் துறைக்குத்தான். பவானிசாகர் அணை 1955-இல் முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே ஊரில் மாதவாரியாகக் குளிர்காய்ச்சல் எப்படி மாறியது? காலிங்கராயன் வாய்க்கால் பாசன ஊரும் மானாவாரி ஊரும் எங்கே வேறுபட்டன? இந்தக் கேள்விகளுக்கு நாள்வாரிப் பதிவு வேண்டும். அது இன்று பின்வராந்தாவில் நனைந்து கிடக்கிறது.

நனைந்து கிடக்கிறது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. அறை வேறு வேலைக்குத் தேவைப்பட்டது என்று பதிவேடுகளை வராந்தாவில் அடுக்கினார்கள். ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் நேராக அடுக்கின் மேல் விழுகிறது. அடியில் இருப்பவை செங்கல் போல ஒட்டிவிட்டன. பழைய எழுத்து மை தண்ணீரை ஓரளவு தாங்கும். காப்பியிங் பென்சிலில் எழுதியவை ஊதா நிறத்தில் கசிந்து பக்கத்துப் பக்கத்தையும் அழித்துக்கொண்டு இருக்கின்றன. புழுக்கத்தில் நனைந்த தாளில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். மூன்று முறை மனு கொடுத்தும் ஒரு தார்ப்பாய் கூட வரவில்லை. எண்பது தொண்ணூறு வருடம் பீரோவில் பத்திரமாக இருந்ததை நம் காலத்தில், நம் கண் முன்னால் அழுக விட்டிருக்கிறோம்.

காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது. தயவுசெய்து யாரும் வெயிலில் காய வைக்க வேண்டாம். தாள் சுருண்டு முறியும். ஒட்டிய பக்கங்களை ஈரத்தோடு பிரிக்கவும் வேண்டாம். ஓரளவு ஈரமானவற்றை நிழலில் விசிறி போல விரித்து நிறுத்தி, பத்து இருபது பக்கத்துக்கு ஒரு மை ஒற்றும் தாளை வைத்து, மின்விசிறிக் காற்று நேராக அடிக்காமல் அறைக்குள் சுற்றும்படி விட்டு, ஒற்றுத்தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். செங்கலாகிப் போனவற்றைப் பாலித்தீனில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும். பிறகு வல்லுநர்கள் பிரிப்பார்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட வேண்டும். செல்லோ டேப் ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. இரண்டும் நல்லெண்ணத்தோடு செய்யும் கொலை. காய்ந்த பிறகு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மூலத்தை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ, ஈரோடு அல்லது கோவை அரசு அருங்காட்சியகத்துக்கோ ஒப்படைக்கலாம். நோயாளிகளின் பெயர் இருக்கும் பக்கங்களைப் பொதுவில் போடக் கூடாது என்று நாங்களும் கேட்கிறோம். ரகசியம் காக்க வேண்டும் என்பதைக் காரணம் காட்டி அழிக்க நினைப்பவர்கள், எடைக்குப் போட்ட தாள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சந்தையில் கேட்கட்டும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் கருங்கல்லில் திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர். அங்கே முப்பது வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் பிரசவம் பார்த்த டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது? கல்வெட்டில்தான் இல்லை, காகிதத்திலாவது இருந்தது. அதையும் கிலோ கணக்கில் விற்பது என்ன நியாயம்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். புதிய கட்டடம் வரட்டும். அதற்கு நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஏலம் வரும் வெள்ளிக்கிழமை. அதற்குள் ‘பழைய தாள்கள்’ என்ற வரியை நீக்கி ஓர் உத்தரவும், மழை ஒழுகாத ஓர் அறையும், அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் ஒரு பதிலும் தந்தால் போதும். ஒற்றுத்தாளும், பிரித்து அடுக்க ஆட்களும் எங்கள் பொறுப்பு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்