உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "உடம்பில் குறைவது தண்ணீர்தானே, அப்புறம் ஏம்மா நரம்பில் வெறும் தண்ணீரை ஏற்றக்கூடாது?" என்று கேட்டாய். சிவப்பணு உடைந்துவிடும் என்றேன். "அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஏன் உடைகிறது என்றுதான் பிடிபடவில்லை. மனப்பாடம் பண்ணி எழுதிவிடுகிறேன், விடு" என்றாய். அந்தக் கடைசி வார்த்தை ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். இந்த ஒன்றை மட்டும் நீ மனப்பாடம் பண்ணக்கூடாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நடந்தது இது. ரத்த வகை பார்ப்பதற்கு முன் சிவப்பணுக்களைச் சலைன் என்ற உப்புக் கரைசலில் கழுவுவோம். அவசரத்தில் பக்கத்திலிருந்த டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டேன். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சலைனில் கலந்த ரத்தம் கலங்கலாக இருக்கும். டியூபுக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் எழுத்து தெரியாது, அணுக்கள் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். அன்றைக்கு என் கையிலிருந்த டியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்துவிட்டது. நிறம் அதே சிவப்புதான். ஆனால் மேஜையில் திறந்து கிடந்த ரெஜிஸ்டரின் எழுத்தை டியூப் வழியாகவே படிக்க முடிந்தது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்த்தேன், அடியில் அணுக்கள் எதுவும் தங்கவில்லை. எல்லாம் உடைந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் தண்ணீரில் கரைந்துவிட்டிருந்தது. அந்த நோயாளி வயதானவர். மறுபடி ரத்தம் எடுக்க இரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏன் உடைந்தது? தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். ஆக்ஸிஜன் நடுவில், ஹைட்ரஜன் இரண்டு பக்கமும். ஆனால் நேர்கோட்டில் இல்லை, 104.5 டிகிரியில் வளைந்து நிற்கிறது. எலக்ட்ரான்களை ஆக்ஸிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்த முனையில் கொஞ்சம் எதிர்மின்னூட்டம், ஹைட்ரஜன் முனைகளில் கொஞ்சம் நேர்மின்னூட்டம். அதனால் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கிறது, விடுகிறது, இன்னொன்றைப் பிடிக்கிறது. இந்தப் பிடிதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் பலம் தெரிய வேண்டுமானால் ஹைட்ரஜன் சல்பைடைப் பார். தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு, ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது.

உப்பைப் போட்டால் தண்ணீர் ஒவ்வொரு சோடியத்தையும் குளோரைடையும் சூழ்ந்துகொண்டு கரைத்துவிடும். எண்ணெயில் பிடிப்பதற்கு மின்னூட்டம் எதுவும் இல்லை. தண்ணீர் எண்ணெயை வெறுக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. தண்ணீருக்குத் தன் கூட்டத்தின் மீதுதான் பிடிப்பு அதிகம்; அந்தப் பிடிப்பில் எண்ணெய் தானாக ஓரம் கட்டப்படுகிறது. செல் சவ்வு உருவாவதே இப்படித்தான். சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு ஒட்டும், வால் ஒட்டாது. தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு இரண்டு அடுக்காகத் தானே அமைந்துவிடும். 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு பேர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர்மேல் ஓர் அடுக்காகப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு இடத்தை அது பிடித்தது. இரண்டு அடுக்கு என்று ஊகித்தது அப்படித்தான்.

சிவப்பணுவின் அகலம் 7, 8 மைக்ரோமீட்டர். சவ்வின் தடிமன் வெறும் 5 நானோமீட்டர். இவ்வளவு மெல்லியதுதான், ஆனாலும் உப்பு அதைத் தாண்ட முடியாது. சோடியம் உள்ளே நுழைய வேண்டுமானால் தன்னைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரை உதற வேண்டும். அந்த எண்ணெய் நடுப்பகுதியில் அதற்கு ஈடாகப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறுகள், தாராளமாகப் போய்வரும்.

இப்போது என் டியூபுக்கு வா. தண்ணீர் சவ்வின் இரண்டு பக்கமும் ஓயாமல் போய்வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே ஹீமோகுளோபினும் உப்புகளும் கரைந்து கிடப்பதால் உள்ளிருந்து வெளியேறும் தண்ணீர் கொஞ்சம் குறைவு. வெளியே சுத்தத் தண்ணீர், அங்கிருந்து வருவதோ அதிகம். கரைந்தவை வெளியே போகவும் வழியில்லை. அதனால் அணு தட்டு வடிவத்திலிருந்து பந்தாக உப்புகிறது. அதுவரை தாங்கும். அதற்குமேல் சவ்வு சில சதவீதம்கூட விரியாது, கிழிந்துவிடும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட சலைனில் வரவும் செலவும் சமம், அணு அப்படியே இருக்கும். நோயாளிக்குத் தண்ணீர்தான் தேவை என்றால் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் கலந்த 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போடுவார்கள். நரம்புக்குள் போகும்போது அணுக்கள் பத்திரம். பிறகு உடம்பு குளுக்கோஸை எடுத்துக்கொண்டதும் தண்ணீர் மட்டும் மிஞ்சும். நீ நேற்றுக் கேட்டதற்கு நேர்பதில் இதுதான்.

அந்த டியூப் ஏன் அவ்வளவு சீக்கிரம் தெளிந்தது என்பது எனக்கே பல வருஷம் தெரியாது. கொழுப்பு அடுக்கு வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் கசியும், அந்த வேகம் வராது. பீட்டர் ஏக்ரி என்ற விஞ்ஞானி சிவப்பணுச் சவ்வில், ரத்த வகையைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, கூடவே இன்னொரு புரதமும் ஏராளமாக வந்துகொண்டே இருந்தது. அதன் வேலை என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பாகிய ஆர்என்ஏவைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண முட்டைகள் அப்படியே கிடந்தன. இந்தப் புரதம் உருவான முட்டைகள் உப்பி வெடித்தன! 1992-இல் அது வெளிவந்தது, 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல். அந்தப் புரதத்துக்கு அக்வாபோரின் என்று பெயர். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும் குழாய் அது. ஒரு குழாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள். ஆனால் ஹைட்ரஜன் அயனியான புரோட்டானைக்கூட விடாது. இதைப் படித்த அன்று அந்தப் பழைய டியூப்தான் என் கண்முன் வந்தது.

ஆனால் பாப்பா, குழாய் இருக்கிறதே தவிர, தண்ணீரைத் தள்ளும் பம்பு நம் செல்லில் இல்லை. உடம்பு உப்பை நகர்த்துகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. ஜென்ஸ் ஸ்கூ என்ற விஞ்ஞானி 1957-இல் கண்டறிந்த பம்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அது நின்றால் சோடியம் உள்ளே கசியும், கூடவே தண்ணீரும் வரும், செல் உப்பிவிடும். நீ சும்மா படுத்திருக்கும்போதுகூட உன் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தப் பம்புக்கே போகிறது. செயல்மிகு கடத்தல் என்று பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவது இதைத்தான்.

உனக்கு ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு வந்தது. உனக்கு அது ஞாபகம் இருக்காது. கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல் கிடந்தாய். டாக்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கொடுத்து, ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடு, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி தொடங்கு என்றார். குளுக்கோஸ் எதற்கு, தெம்புக்கா என்று கேட்டேன். இல்லை, அது சாவி என்றார். குடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-இல் சொன்னது இது. காலராவில்கூட அந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இப்போதைய ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸும் சோடியமும் லிட்டருக்கு 75 மில்லிமோல், எண்ணிக்கையில் இரண்டும் சரிசமம்.

அன்று ராத்திரி முழுக்க மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தாய். பத்து நிமிஷம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி தொடங்கினேன். விடிகாலை நாலரை மணி இருக்கும். என் மடி சூடாக நனைந்தது. விளக்கைப் போட்டு உன் அப்பாவை எழுப்பினேன், குழந்தை ஒன்றுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சிறுநீரகம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
அம்மா