மீட்டரில் 412

அம்மாடி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கை வழக்கம்போல. தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறான், அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

போனில் கேட்டால் "நல்லாத்தாம்ப்பா இருக்கேன்" என்று அரை நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, உன் புது பைக்கைப் பற்றி மட்டும்தான். வேறு எதுவும் கேட்கப் போவதில்லை.

வண்டி எடுத்ததை முதலில் தம்பியிடம் சொன்னாய், பிறகு அம்மாவிடம். எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி" என்று உன் பெரியப்பா கேட்டபோது, "அவ சம்பாதிக்கிறா, அவ ஓட்டுறா" என்று சொன்னதும் நான்தான். நீ அனுப்பிய படத்தை அவரிடம் நான்தான் காட்டினேன். அவர் கேட்காமலேயே காட்டினேன்.

உன் வண்டியின் கையேட்டைத் தம்பி போனில் இறக்கிக் கொடுத்தான். நான்கு இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். முதல் பல பக்கங்கள் எச்சரிக்கைதான். எழுதியவருக்கும் ஒரு மகள் இருக்க வேண்டும்.

முதலில் உட்காரும் விதம். நீ இதுவரை ஓட்டியதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஓட்டுகிற வண்டிகள். இதில் ஹேண்டில் இரண்டு துண்டாகப் பிரிந்து, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைக் கவ்விக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. ஃபுட்ரெஸ்ட் பின்னால் போய் மேலே ஏறிவிட்டது. குனிந்தே ஓட்ட வேண்டியிருப்பதால் உடம்பின் பாரம் மணிக்கட்டில் வந்து உட்காரும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், வலி தெரியாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் உயிர் போகும். சுண்டுவிரல் மரத்துப் போகிறதா? நீ இப்போதெல்லாம் எழுதி அனுப்பாமல் பேசியே அனுப்புகிறாய், அதனால் கேட்டேன்.

டேங்க்கை இரண்டு தொடையாலும் கவ்விப் பிடி. முதுகை வயிறும் இடுப்பும் தாங்க வேண்டும், கை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே முழங்கை இரண்டையும் லேசாக ஆட்டிப் பார். தடையில்லாமல் ஆடினால் பாரம் கையில் இல்லை. கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் முன்கையின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், மணிக்கட்டு மேலே மடங்கக் கூடாது. அதைத் திருகித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பழக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று நினைக்கிறேன். இரண்டு கையும் சேர்ந்து வலித்தால் அது ஹேண்டிலால் வருகிற வலி, பழகினால் போய்விடும். ஒரு கை மட்டும் வலித்தால் அது வேறு. அதை அம்மாவிடமாவது சொல்.

மற்றதெல்லாம் சின்னச் சின்னக் குணங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது தொடையில் அனல் அடிப்பது கோளாறு இல்லை, அது அப்படித்தான். குளிர்ந்த இன்ஜினில் முதல் கியர் போட்டால் "டக்"கென்று அடிக்கும், அதுவும் அப்படித்தான். கண்ணாடியில் பாதி உன் முழங்கைதான் தெரியும், அதனால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்க வேண்டும். புது டயரின் மேல்தோல் வழுவழுவென்று இருக்கும், அது தேயும்வரை சாய்த்துத் திருப்பாதே. செயினுக்கு எண்ணெய் போட மறக்காதே. நம் பழைய வண்டியில் செயினை ஒரு பெட்டி மூடியிருந்தது, இதில் திறந்தே ஓடுகிறது, தூசி நேராக அதன்மேல்தான் விழும்.

வட்டமடித்துத் திரும்பும்போது ஜாக்கிரதை.

முதல் 1000 கிலோமீட்டர் இன்ஜினை முறுக்கக் கூடாது, ஒரே வேகத்திலும் ஓட்டக் கூடாது, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஆயிரத்தில் ஆயில் மாற்றிவிடு, பிஸ்டன் சிலிண்டரோடும் கியர் கியரோடும் தேய்ந்து பழகுகிற காலத்தில் உதிர்கிற இரும்புத்தூள் எல்லாம் அந்த ஆயிலில்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் நீ அனுப்பிய படத்தில் மீட்டரில் 412 இருந்தது. இருபது நாளில் 412, கொஞ்சம் வேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாய். ஓரத்தில் மீட்டர் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 412.

மழையாக இருந்திருக்கும். வேலை அதிகமாக இருந்திருக்கும். வண்டி நின்றுகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும், டயரில் காற்று குறையும், அதற்காகச் சொல்கிறேன். இதுவரை நீ அனுப்பிய ஐந்து படங்களும் வலப்பக்கமிருந்து எடுத்தவை என்பதையும் கவனித்தேன். சைலன்சர் இருக்கிற பக்கம்தான் அழகு, எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள் என்கிறான் தம்பி. இருக்கலாம்.

வட்டமடிப்பதைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நம் பழைய வண்டி சின்னச் சந்திலும் ஒரே மூச்சில் திரும்பும். உன் வண்டியின் ஹேண்டில் கொஞ்ச தூரம் திரும்பியதும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. இது தெரியாமல் பழைய கணக்கில் திருப்பினால், பாதி வட்டத்தில் பாதை தீர்ந்துவிடும். மனசு பதறும். கை தானாக முன் பிரேக்கைப் பிடிக்கும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதே, நடைவேகத்தில் அது உதவிக்கு வராது. அந்த மாதிரி இடத்தில் கிளட்சைப் பாதி மட்டும் விட்டு ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலேட்டர், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி போக வேண்டும். பார்வை போக வேண்டிய பக்கம் இருக்கட்டும், முன்சக்கரத்தைப் பார்க்காதே. இடம் போதாது என்று தோன்றினால் இறங்கித் தள்ளித் திருப்பு. யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. நின்ற இடத்தில் வண்டி சாய ஆரம்பித்தால், கொஞ்சம் சாயும்வரைதான் கால் தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிடு. பிடிக்காதே. கையை எடுத்துவிட்டு விலகி நில். அது 170 கிலோ. நம் பழைய வண்டி மாதிரி இன்னொரு பாதியையும் சேர்த்தால்தான் அந்த எடை வரும். அதைத் தாங்கப் போன மணிக்கட்டுகள்தான் உடைந்திருக்கின்றன. வண்டியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் ஃபேரிங் உடைந்தால் மாற்றலாம், கியர் பெடல் வளைந்தால் நிமிர்த்தலாம். கிளட்ச் லிவரின் நுனியில் ஒரு குண்டு இருக்கும், கீழே விழுந்தால் முதலில் போவது அதுதான். உன் வண்டியில் அந்தக் குண்டு இருக்கிறதா? சும்மா கேட்டேன், சில வண்டிகளில் சின்னதாக இருக்கும்.

விட்டுவிடு என்று சொல்லித் தர எனக்குத் தகுதி இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை.

நாய் குறுக்கே வந்த கதை உனக்குத் தெரியும். உன் தம்பிக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும், எத்தனை முறை சொல்லியிருப்பேன். கருப்பு நாய் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நாய் எதுவும் வரவில்லை அம்மாடி.

உனக்கு அப்போது ஆறு வயது. உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நானும் அம்மாவும் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பையன் புது வண்டியில் என்னைத் தாண்டிப் போனான். தாண்டினால் தாண்டட்டும் என்று இருந்திருக்கலாம். பின்னால் உங்கள் அம்மா இருக்கிறாள், அவள் எதிரில் ஒரு பொடியன் தாண்டிப் போவதா என்று இருந்தது. துரத்தினேன். திருப்பத்தில் மணல். வண்டி சாய்ந்திருக்கும்போதே பயத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தேன். முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

விழுந்தது பெரிதில்லை. எழுந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியைத் தூக்கினேன். ஸ்டாண்ட் போட்டேன். ஹெட்லைட் உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கேட்டார்கள். வாயில் நாய் வந்தது. உங்கள் அம்மா 20 வருடமாக அந்த நாயைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள். ஒரு நாள்கூட, என்னோடு சண்டை போட்ட நாளில்கூட, அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த வாரமே முன் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டேன். 12 வருடம் கழித்து அதே வண்டியில்தான் நீ ஓட்டக் கற்றுக்கொண்டாய். முன் லிவரைப் பிடித்தால் கிரிப் வரைக்கும் வந்து ஒட்டும். "இது இப்படித்தானாப்பா இருக்கும்?" என்று கேட்டாய். "இப்படித்தான், நீ அதைத் தொடவே தொடாதே, தூக்கி எறிஞ்சிரும்" என்றேன். நீயும் நம்பினாய். நான் செய்த தப்புக்கு பிரேக்கின் மேல் பழி போட்டு, அதை உனக்குப் பாடமாகவும் நடத்திவிட்டேன்.

அது தப்பான பாடம். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரமெல்லாம் முன்னால் சாயும். பின்சக்கரம் லேசாகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் இழுத்துக்கொண்டுதான் போகும். நிறுத்துவது முன் பிரேக்தான், அதுவும் உன் வண்டியில் பெரும்பாலும் அதுதான். மணிக்கு 60-ல் போனால் ஒரு விநாடிக்குள் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்கு. அந்த நேரத்தில் அப்பா சொன்னது ஞாபகம் வந்து உன் விரல் தயங்கக் கூடாது. நேராகப் போகும்போது முன் பிரேக். திரும்பியிருக்கும்போதும் மணலிலும் நடைவேகத்திலும் அதில் கை வைக்காதே. எங்கே தொடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும், தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கை சரியாக இருந்தால் ஒரு காலி மைதானத்துக்குப் போ. 30-ல் நேராக ஓட்டி, இரண்டு விரலால் முதலில் தொட்டு, பிறகு அழுத்து. பிடுங்காதே. ஃபோர்க் மெதுவாக அமுங்குவது உனக்கே தெரியும். லிவர் விரலில் துடித்தால் அது ஏபிஎஸ், பயந்து விட்டுவிடாதே. இருபது முறை, முப்பது முறை செய். பயம் விரலிலிருந்து போக வேண்டும். நான் அங்கே இருந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பேன், இல்லை, நான் இல்லாமல் இருப்பதே நல்லது.

வட்டமடிக்கும்போது ஜாக்கிரதை. கையுறை போடாமல் எடுக்காதே, பக்கத்துத் தெருவுக்கென்றாலும்.

அடுத்த முறை படம் எடுத்தால் சைடு ஸ்டாண்ட் பக்கமாக வந்து எடு. அந்தப் பக்கம் எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். அதில் நீயும் நின்றால் நன்றாக இருக்கும், இரண்டு கையும் தெரிகிற மாதிரி.

அம்மா இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தாள். நாய் வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிவரை படித்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு? எந்தக் கைன்னு மட்டும் கேளுங்க" என்றாள்.

அப்பா